அறைக்கு இன்னும் இரண்டு பிளக் பொயின்ட்: வயரிலிருந்து தொடங்குங்கள்

பழைய கொழும்பு வீடுகளில் ஒரு அறைக்கு ஒரு பிளக் பொயின்ட் என்பதுதான் கணக்கு. ரேடியோவும் மேசை விளக்கும் ஓடினால் போதும் என்றிருந்த காலத்தில் போட்ட வயரிங் அது. இன்றைக்கு அதே அறையில் இரண்டு ஃபோன் சார்ஜர், லெப்டொப், ரவுட்டர், நிற்கிற ஃபேன், இடையில் அயன், எல்லாமே அந்த ஒற்றைப் பொயின்ட்டை நம்பித்தான். மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக், அதிலிருந்து கட்டிலுக்கு அடியால் ஓடுகிற எக்ஸ்டென்ஷன் வயர். வெள்ளவத்தை ஃபிளாட் என்றாலும் கொட்டாஞ்சேனை அனெக்ஸ் என்றாலும் கதை இதுதான்.

சுவரில் இன்னும் இரண்டு பொயின்ட் போடுவது பெரிய வேலை இல்லை, ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். ஆனால் "இதில ஒரு பிளக் அடிச்சுத் தாங்க பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் தேத்தண்ணி போடப் போய்விட்டால், வந்த எலக்ட்ரீசியன் கிட்டடியில் எந்த வயர் இருக்கிறதோ அதிலிருந்து இழுத்துக் கொடுத்துவிட்டுப் போக இடமிருக்கிறது. ஃபேன் சுவிட்சிலிருந்து, லைட் லைனிலிருந்து, எதிலிருந்தும். பொயின்ட் வேலை செய்யும், ஃபோன் சார்ஜ் ஆகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் யாராவது அதில் கேத்தலைக் குத்தும்போதுதான் சுவருக்குள் இருக்கிற மெல்லிய வயர் சூடாகத் தொடங்கும். அதனால் புதுப் பொயின்ட்டுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருகிறது, அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் பார்த்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

யார் செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடம் குறிப்பது, கேசிங் (வயரை உள்ளே விட்டு மூடுகிற பிளாஸ்டிக் ஓடை) அடிப்பது, சுவர் வெட்டிப் பெட்டி வைப்பது, வயர் இழுத்து விடுவது எல்லாம் கை வேலை பழகிய யாரும் செய்யலாம். டிபி போர்ட்டை (மெயின் சுவிட்சும் பிரேக்கர்களும் இருக்கிற பெட்டி) திறந்து பிரேக்கரில் இணைப்பதும் கடைசிச் சோதனையும் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனுக்கு உரியது. முழு வேலையையும் அவரிடமே கொடுத்தாலும் கீழே உள்ளதைத் தெரிந்து வைத்திருந்தால் அவரிடம் என்ன கேட்பது என்றாவது உங்களுக்குத் தெரியும்.

டிபி போர்ட்டை வாசிப்பது

மூடியைக் கழற்ற வேண்டாம், முகப்பை மட்டும் பாருங்கள். மெயின் சுவிட்ச் ஒன்று இருக்கும், பக்கத்தில் "டி" என்று எழுதிய சின்னப் பொத்தானோடு, கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச், அதற்குப் பிறகு வரிசையாகப் பிரேக்கர்கள். ட்ரிப் சுவிட்சில் 30 மில்லிஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், ஆளைக் காப்பாற்றுவது அந்த அளவுதான். 100 என்று இருந்தால் அது தீயைத் தடுக்க ஓரளவு உதவும், ஷொக் அடிக்கிற ஆளுக்கு உதவாது. பீங்கான் கட்டை ஃபியூஸ் மட்டும் இருக்கிற, ட்ரிப் சுவிட்சே இல்லாத போர்ட் என்றால் பிளக் பொயின்ட் கதையை இதோடு நிறுத்துங்கள். முதலில் அந்த போர்ட்டை மாற்ற வேண்டும். இலங்கையில் வீட்டு எர்த் என்பது நம் வளவில் நாமே அடித்த எர்த் ரொட்டைத்தான் நம்பியிருக்கிறது, கரண்ட் தருகிறவர்கள் எர்த் தருவதில்லை. மண் வழியாகத் திரும்பிப் போகிற கரண்ட் அநேகமாக ஒரு பிரேக்கரை விழுத்தக் காணாது. அதனால்தான் இங்கே ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் சரிவராது.

இப்போது மேசை விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்கராக விழுத்தி எந்தப் பொயின்ட் செத்துப்போகிறது, எந்த லைட் அணைகிறது என்று பாருங்கள். இரண்டு பேர் இருந்தால் சுகம். ஒருவர் போர்ட்டடியில் நிற்க மற்றவர் அறை அறையாகக் கத்தலாம். ஒரு கடதாசியில் வீட்டை வரைந்து பிரேக்கர் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். வழமையாக லைட்டுக்கு 6 அல்லது 10 ஆம்பியர் பிரேக்கர் இருக்கும், பிளக்குகளுக்கு 16 அல்லது 20, ரிங் போட்ட வீடுகளில் (ரிங் என்றால் என்னவென்று கீழே வரும்) 32. ஒரே பிரேக்கரை விழுத்தும்போது படுக்கையறை லைட்டும் அந்த அறைப் பிளக்கும் சேர்ந்து போகிறதென்றால் அந்தப் பிளக் லைட் லைனில் தொங்குகிறது. அதிலிருந்து இன்னொரு பொயின்ட் எடுப்பதை மறந்துவிடுங்கள்.

பிறகு சின்னக் கணக்கு. நம் கரண்ட் 230 வோல்ட். சாமானின் வாட்ஸை 230 ஆல் பிரித்தால் ஆம்பியர் வரும். 2000 வாட்ஸ் கேத்தல் ஏறக்குறைய 9 ஆம்பியர், 1000 வாட்ஸ் அயன் 4 க்கும் கொஞ்சம் மேல், 700 வாட்ஸ் ரைஸ் குக்கர் 3. லெப்டொப், ஃபோன், ரவுட்டர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 1 ஆம்பியருக்கு வராது. அதாவது படுக்கையறையில் ஆறு பொயின்ட் போட்டாலும் லோட் பெரிதாகக் கூடப்போவதில்லை, குசினியில் ஒன்றே ஒன்று கூட்டினாலும் கூடிவிடும். 20 ஆம்பியர் லைன் என்றால் 4600 வாட்ஸ். கேத்தலும் ரைஸ் குக்கரும் 1200 வாட்ஸ் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் 3900, அதில் யாராவது அயனையும் போட்டால் 4900.

எல்லை தாண்டினால் பிரேக்கர் விழும்தானே என்று நினைப்பீர்கள். உடனே விழாது. 20 ஆம்பியர் பிரேக்கர் 22 ஆம்பியரை நாள் முழுக்கத் தாங்கிக்கொண்டு இருக்கும். 29 ஆம்பியர் போனால்தான் ஒரு மணித்தியாலத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும் என்பது அதன் தரம். அந்த நேரம் முழுக்கச் சூட்டைத் தாங்குவது வயர். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 20 ஐக் கழற்றி 32 போடுகிற வேலை இருக்கிறதே, அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஏசி, சுடுதண்ணி ஷவர், அவன் ஆகியவற்றுக்கு எப்போதும் டிபி போர்ட்டிலிருந்து தனி லைன். 3500 வாட்ஸ் ஷவர் ஹீட்டர் தனியாகவே 15 ஆம்பியர் இழுக்கும், அதைப் பிளக் லைனில் சேர்க்க இடமே இல்லை.

உருண்டை பின் வீடுகள்

இது கொழும்பில் தனி விஷயம். பழைய வீடுகளில் 5 ஆம்பியர் உருண்டைப் பின், 15 ஆம்பியர் பெரிய உருண்டைப் பின், இடையில் புதிதாக வந்த 13 ஆம்பியர் சதுரப் பின், மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும். 13 ஆம்பியர் சதுரப் பின்தான் இப்போது நாட்டின் தரம், அதைத்தான் போட வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 5 ஆம்பியர் பேஸை, அதாவது சுவரில் பிளக்கைக் குத்துகிற சொக்கெட்டை, கழற்றிவிட்டு அதே இடத்தில் 13 ஆம்பியர் பேஸைப் பூட்டினால் வெளியே தெரிகிற முகம் மட்டும்தான் மாறுகிறது. பின்னால் இருக்கிற வயர் 5 ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயர். முன்பு அதில் பெரிய பின் போகாது, அதனால் கேத்தலைக் குத்தவே முடியாது; அது ஒரு பாதுகாப்பாக இருந்தது. இப்போது 3000 வாட்ஸ் வரை எதையும் குத்தலாம். சரி, பிளக் டொப்புக்குள் ஃபியூஸ் இருக்கிறதே என்றால், அந்த ஃபியூஸ் காப்பது கேத்தலின் வயரை, உங்கள் சுவருக்குள் இருக்கிற வயரை இல்லை.

வயரின் அளவை அதன் தோலில் அச்சடித்திருப்பார்கள். பிளக்குக்கு 7/0.67 வேண்டும், கடைக்காரர் இரண்டரை எம்எம் என்பதும் அதுதான்: ஏழு செப்பு இழைகள், ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர். 1/1.13 என்று ஒற்றை இழை இருந்தால் அது லைட் வயர். அச்சு அழிந்துபோன பழைய வயர் என்றால் இழைகளை எண்ணுங்கள். மூன்று இழை இருந்தால் அங்குலக் கணக்குக் காலத்து 3/.029, நமக்கு ஆகாது. ஏழு இழை இருந்து ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் அளவு போதும், ஆனால் றப்பர் தோல் பொரிந்து உதிர்கிற வயதாகியிருந்தால் அதையும் இழுத்துப் போட்டுவிட்டுப் புதிது போடுவதுதான் புத்தி. கழற்றிய இடத்தில் இரண்டே வயர் இருந்து எர்த் வயரே இல்லாமல் இருப்பதும் உண்டு. அப்படியான பொயின்ட்டிலிருந்து எதையும் நீட்டாதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று: சதுரப் பேஸின் மேல் துளைக்குள் பேனையையோ கரண்டிக் காம்பையோ விட்டு மூடியைத் திறந்து இரண்டு பின் பிளக்கைத் திணிப்பது நம் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலை. பின் சரியாகப் பிடிக்காமல் உள்ளே பொறி பறந்து பித்தளை கறுத்துப்போகும். புதுப் பொயின்ட் போடுகிற நேரத்தில் அப்படியான சாமான்களின் பிளக் டொப்பையும் 13 ஆம்பியருக்கு மாற்றிவிடுங்கள், ஃபோன் சார்ஜருக்கும் ஃபேனுக்கும் 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

எங்கேயிருந்து எடுப்பது

மூன்று வழி இருக்கிறது. இருக்கிற ஒற்றைப் பேஸை இரட்டைப் பேஸாக மாற்றுவது எல்லாவற்றிலும் சுகம், வயர் 7/0.67 ஆக இருந்து எர்த்தும் இருந்தால் பெட்டியை மட்டும் பெரிதாக்கினால் போதும். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, இருக்கிற பொயின்ட்டிலிருந்து புது வயர் இழுத்து அடுத்த பொயின்ட்டைப் போடுவது. 20 ஆம்பியர் பிரேக்கரில் ஒற்றை வரிசையாக ஓடுகிற லைன் என்றால் அதன் கடைசிப் பொயின்ட்டிலிருந்து அதே அளவு வயரில் நீட்டலாம். ரிங் என்றால், அதாவது 32 ஆம்பியர் பிரேக்கரிலிருந்து புறப்பட்டு எல்லாப் பிளக்கையும் சுற்றி அதே பிரேக்கருக்குத் திரும்பி வருகிற லைன் என்றால், ரிங்கில் இருக்கிற ஒரு பொயின்ட்டிலிருந்து ஒரே ஒரு கிளை எடுக்கலாம், அந்தக் கிளையில் ஒரு பேஸ் மட்டும், ஒற்றையோ இரட்டையோ. கிளையிலிருந்து இன்னொரு கிளை கூடாது. பேஸைக் கழற்றிப் பார்த்து இரண்டு சோடி வயர் வந்தால் ரிங் என்று சொல்லிவிட முடியாது, வரிசை லைனின் நடுப் பொயின்ட்டிலும் அப்படித்தான் இருக்கும். டிபி போர்ட்டில் அந்தப் பிரேக்கருக்குக் கீழே இரண்டு வயர் முனை வருகிறதா, இரண்டும் ஒரே சுற்றின் தலையும் வாலும்தானா என்று எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயம். 32 பிரேக்கரிலிருந்து ஒரே ஒரு 7/0.67 மட்டும் போவதைக் கண்டால் ஏற்கெனவே யாரோ பிழையாகச் செய்திருக்கிறார்கள், அந்தப் பிரேக்கரை 20 ஆக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, போர்ட்டிலிருந்தே புது லைன், 20 ஆம்பியர் பிரேக்கர், 7/0.67 வயர். போர்ட்டில் காலியிடம் இருந்தால் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். வயர் கொஞ்சம் கூடப் போகும், கேசிங் நீளமாக ஓடும், ஆனால் பழைய லைனில் என்ன குறை ஒளிந்திருக்கிறது என்ற கவலை இல்லை, நாளைக்கு அறையை வேறு எதற்கு மாற்றினாலும் தாங்கும். மேசை, கணினி, பிரின்டர் என்று வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் கட்டாயம் இப்படிச் செய்யலாம்.

சாமான் வாங்குவது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு நடை நடந்தால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பேரம் பேசுங்கள், ஆனால் மலிவைப் பார்த்து மயங்க வேண்டாம். வயரிலும் பேஸிலும் எஸ்எல்எஸ் (இலங்கைத் தரம்) முத்திரை வேண்டும். பேஸைக் கையில் எடுத்துப் பாரம் பாருங்கள், பின்பக்கம் திருப்பி டெர்மினல்களைப் பாருங்கள், பித்தளை தடிப்பாகத் தெரிய வேண்டும். சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்ப் பின் பிடிக்கிற தகட்டில் வைத்துப் பார்ப்பது நல்லது, பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது பூச்சுப் பூசிய இரும்பு. கடைக்காரர் முறைத்துப் பார்ப்பார், பரவாயில்லை. பின் துளைகளுக்கு உள்மூடி இருக்கிறதா என்று பார்ப்பதும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முக்கியம். சுவிட்ச் வைத்த பேஸே எடுங்கள்.

வயர் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள் மூன்றிலும் சம நீளம். அளக்கும்போது பெட்டிக்குப் பெட்டி ஒரு அடி கூட்டி எடுங்கள். கூடவே 25×16 மில்லிமீற்றர் கேசிங், அல்லது சுவர் வெட்டுவதாக இருந்தால் 20 மில்லிமீற்றர் கொண்டியூட்டும் (வயர் போகிற குழாய்) 35 மில்லிமீற்றர் ஆழமான சன்க் பொக்ஸும் (சுவருக்குள் புதைக்கிற பெட்டி), ரோல் பிளக், ஸ்குரூ, கனெக்டர். மரைன் டிரைவ் பக்கம், கடல் காற்று நேராக அடிக்கிற வீடு என்றால் இரும்புப் பெட்டி சில வருடத்தில் உப்புப் பிடித்துத் துருவேறி ஸ்குரூ கழற்ற முடியாமல் போகும், பிவிசி பெட்டியே எடுங்கள்.

இடமும் சுவரும்

நிலத்திலிருந்து ஒரு அடி உயரம் என்பது வழக்கம். மேசைக்குப் பின்னால் என்றால் மேசைக்கு மேலே வைப்பதுதான் வசதி, ஒவ்வொரு முறையும் குனிந்து தேடத் தேவையில்லை. கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற, 2016 மே வெள்ளம் வீட்டுக்குள் வந்த பக்கங்களில் இருப்பவர்கள் ஒரு அடியை மறந்துவிட்டு, தண்ணீர் ஏறிய அடையாளத்துக்கு மேலே வையுங்கள். டிபி போர்ட்டிலிருந்து வருகிற வயரும் மேலேயிருந்து கீழே இறங்குகிற மாதிரி இருக்கட்டும். ஏசியின் தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே, மழைச் சாரல் அடிக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில், திரைச்சீலை உரசுகிற இடத்தில் வேண்டாம். குளியலறைக்குள் பிளக் பொயின்ட் கிடையவே கிடையாது.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலே கதைத்துக்கொண்டு கேசிங் அடியுங்கள். சுவர் வெட்டி விட்டுப் பிறகு முற்பணத்தில் கழிக்கிற சண்டை தேவையில்லாதது. மாடி ஃபிளாட் என்றால் மனேஜ்மன்ட் கமிட்டியிடம் அனுமதி வேண்டும், கொங்கிரீட் சுவரையும் தூணையும் வெட்டவே கூடாது, உள்ளே கம்பி இருக்கிறது. அங்கேயும் கேசிங்தான் வழி. கேசிங் அசிங்கமாக இருக்கும் என்பார்கள். சுவரின் மூலையோடும் கதவு நிலையோடும் ஒட்டி நேராக அடித்து, சுவர் நிறத்தையே பூசிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. நாளைக்கு இன்னொரு வயர் போடுவதென்றால் மூடியைத் திறந்தால் போதும். எனக்கு வெட்டுவதைவிட இதுதான் பிடிக்கும்.

செங்கல், புளொக் கல் சுவர் வெட்டுவதாக இருந்தால் வயர் பேஸிலிருந்து நேர் மேலாகவோ நேர் கிடையாகவோ மட்டும் போக வேண்டும். கிட்டப் பாதை என்று குறுக்கே சரிவாக வெட்டினால் பிறகு படம் மாட்ட ஆணி அடிக்கிறவருக்கு வயர் எங்கே போகிறதென்று தெரிய வழியில்லை. மேலிருந்து கீழ் வெட்டு சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, கிடை வெட்டு ஆறில் ஒன்றைத் தாண்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒன்று என்பது 19 மில்லிமீற்றர்தான், 20 மில்லிமீற்றர் கொண்டியூட்டே அதற்குள் அடங்காது. ஆகவே மேலிருந்து கீழே இறக்குங்கள். பழைய கபுக் கல் (செம்பூராங்கல்) சுவர் கிரைண்டருக்கு லேசாக வெட்டுப்படும், ஆனால் பெட்டி வைக்கும் இடம் உதிர்ந்து பெரிதாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக உளியால் எடுங்கள், பெட்டியைச் சீமெந்தில் இறுக்கி ஒரு நாள் விட்டுப் பேஸைப் பூட்டுங்கள். வெட்டைப் பூசி மூடுவதற்கு முன் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கரண்டை நிறுத்துவது

பிளக் பிரேக்கரை மட்டும் விழுத்திவிட்டு வேலை செய்யலாம் என்று தோன்றும். பிரேக்கர் லைவ் வயரை மட்டும்தான் அறுக்கிறது, நியூட்ரல் அப்படியே போர்ட்டோடு சேர்ந்தே இருக்கிறது. வேலை செய்யும்போது நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று முட்டினால், பிரேக்கர் விழுந்திருந்தும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுக்க இருளும். ஏணியில் நிற்கிற நேரம் அப்படி நடப்பது நல்லதில்லை. மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள், போர்ட்டில் ஒரு துண்டு ஒட்டுங்கள், வீட்டில் இருக்கிறவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் சில மணித்தியாலம் தாங்கும்.

2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதற்குப் பிறகு பற்றரி வைத்த இன்வெர்ட்டர் போட்ட வீடுகள் கூடிவிட்டன. மெயினை நிறுத்தியதும் அது தானாக எழுந்து சில பொயின்ட்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கும், அதற்காகத்தான் அதை வாங்கியதே. அதன் சுவிட்சையும் நிறுத்த வேண்டும். கூரையில் சூரியப் படல் இருந்து பற்றரியும் இருந்தால் அதையும்.

பிறகு டெஸ்டர். மெயினை நிறுத்துவதற்கு முன் ஓடுகிற ஒரு பொயின்ட்டில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். நிறுத்திய பின் வேலை செய்யப்போகிற இடத்தில் பாருங்கள். வேலை முடிந்து கரண்ட் வந்தபின் மறுபடி அந்த முதல் பொயின்ட்டில் பாருங்கள். பழுதான டெஸ்டரும் எரியாமல்தான் இருக்கும் என்பதால் இவ்வளவு சுற்று. மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. காலில் றப்பர் செருப்பு, நிலம் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

இணைப்பது

வயர் முனையில் ஒரு சென்ரிமீற்றர் தோல் உரித்து, ஏழு இழையையும் குறட்டால் இறுக்கி முறுக்குங்கள். ஒற்றை வயர் மட்டும் வருகிற இடமென்றால் முனையை மடித்து இரட்டையாக்கி டெர்மினலுக்குள் விடுங்கள், ஸ்குரூவுக்குப் பிடி நன்றாகக் கிடைக்கும். துளைக்குள் நுழையவில்லை என்று இரண்டு இழையை வெட்டிவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, ஏழில் இரண்டை வெட்டினால் அது இனி இரண்டரை எம்எம் வயர் இல்லை. பேஸின் பின்பக்கம் எல், என், இ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும்: மண்ணிறம் எல்லுக்கு, நீலம் என்னுக்கு, பச்சை-மஞ்சள் இ-க்கு. முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது மேலே எர்த், வலது கீழே லைவ், இடது கீழே நியூட்ரல். பின்னாலிருந்து பார்த்தால் வலம் இடமாகும், ஆகவே எழுத்தை மட்டும் நம்புங்கள். பழைய வீட்டு வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பழையதோடு புதிது சேர்கிற இடத்தில் சிவப்புக்கு மண்ணிறம், கறுப்புக்கு நீலம். முறுக்கி டேப் சுற்றாமல் கனெக்டரில் போட்டு, அதுவும் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

ஸ்குரூவை இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், கொஞ்சமும் அசையக் கூடாது. தளர்ந்த ஸ்குரூதான் பிளக் பேஸ் கருகுவதற்கு முதல் காரணம். வயரின் தோல் டெர்மினலுக்குள் மாட்டியிருக்கவும் கூடாது, வெறும் செம்பு வெளியே தெரியவும் கூடாது. இரும்புப் பெட்டி என்றால் பேஸின் எர்த்திலிருந்து பெட்டியின் எர்த் ஸ்குரூவுக்கும் ஒரு துண்டு வயர் போட வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குள் அரை அடி வயர் மிச்சம் இருக்கட்டும், மடித்து உள்ளே தள்ளிவிட்டு முகத்தைப் பூட்டுங்கள். மடிக்கும்போது முகம் பூட்டுகிற நீள ஸ்குரூ வயரைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது

கரண்ட் கொடுக்க முதல் எலக்ட்ரீசியன் 500 வோல்ட் மெகர் (வயரின் தோல் கரண்ட்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கிற மீட்டர்) வைத்து லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில், இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையில் அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், புது வயரில் அதைவிட எவ்வளவோ கூடக் காட்டும். "டெஸ்டர் வைச்சுப் பார்த்தன், லைட் எரியுது" என்பது சோதனை இல்லை. கரண்ட் கொடுத்தபின் மீட்டரில் லைவ்–நியூட்ரல் 230 க்கு அருகில், லைவ்–எர்த் அதே அளவு, நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் லைவ்–எர்த் 230 காட்டுவதை வைத்து எர்த் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. மீட்டர் இழுக்கிற கரண்ட் மிக மிகக் குறைவு, துருப்பிடித்து அறுந்துபோகும் நிலையில் இருக்கிற எர்த் ரொட்டும் அதற்குப் போதும். எர்த் டெஸ்டர் அல்லது லூப் டெஸ்டரால் அளந்து எத்தனை ஓம் என்று சொல்லச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்சுக்குக் கணக்குப்படி எல்லை 1667 ஓம், ஆனால் மண் காய்ந்தால் ஏறிவிடும் என்பதால் 200 ஓமுக்குக் கீழே இருந்தால்தான் நம்பலாம். முற்றத்தைச் சீமெந்து பூசி மூடிய வீடுகளில் எர்த் ரொட் எங்கே இருக்கிறதென்று கூடத் தெரியாமல் போயிருக்கும், இந்தச் சாட்டில் அதையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

ட்ரிப் சுவிட்சின் டி பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். இனி மாதம் ஒருமுறை அழுத்துங்கள், வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிப்போகும். பிறகு புதுப் பொயின்ட்டில் அயனையோ ரைஸ் குக்கரையோ அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நிறுத்திவிட்டு, பேஸின் முகத்திலும் பிளக் டொப்பிலும் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கையை எடுக்க வைக்கிற சூடு என்றால் மெயினை நிறுத்தித் திறந்து ஸ்குரூவைப் பாருங்கள்.

வேலை முடிந்த அன்றே ட்ரிப் சுவிட்ச் நிற்க மறுத்தால் பயப்பட ஒன்றுமில்லை, அநேகமாக நியூட்ரலும் எர்த்தும் எங்கோ முட்டுகிறது, அல்லது பேஸுக்குள் இடம் மாறியிருக்கிறது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, எல்லாப் பிரேக்கரையும் விழுத்தி, ட்ரிப் சுவிட்சைத் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் குறை நியூட்ரல் பக்கம். மறுபடி மெயினை நிறுத்திவிட்டுப் புதுப் பேஸைத் திறந்து பாருங்கள். நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள், எதில் விழுகிறதோ அந்த லைனில் தேடுங்கள். புதுப் பொயின்ட்டில் லோட் போட்டால் மட்டும் விழுகிறது, மற்ற நேரம் நிற்கிறது என்றால், பேஸுக்குள் நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருக்கலாம், அல்லது லைவை ஒரு லைனிலிருந்தும் நியூட்ரலை ட்ரிப் சுவிட்சைத் தாண்டாத வேறு லைனிலிருந்தும் எடுத்திருக்கலாம். செய்தவரையே கூப்பிட்டு, டிபி போர்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.